ஒப்பிட்டுச் சரிபார்த்த பென்டிரைவ்

பேக்கரிக்காரரின் மனைவிக்குப் பேச்சு இரண்டு முறை போனது. முதல் முறை பக்கவாதத்தால் போனது. இரண்டாம் முறை வாரியத்தால் போனது.

முதல் முறை போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பன்னை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரிடம், "அது என்ன, உங்க வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ளையா? இவ்வளவு சோதனை பண்றீங்க?" என்று கேட்டவள், அடுத்த வாக்கியத்தைத் தொடங்கி, முடிக்காமல் கல்லாப் பெட்டியின் மேல் சாய்ந்தாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கண்களும் வலது கை ஆள்காட்டி விரலும் மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்டன. வாடிக்கையாளர் அந்தப் பன்னை வாங்கிக்கொண்டுதான் போனார் என்பதை அவளிடம் பிறகு சொன்னார்கள்.

அப்புறம் திறந்த மென்பொருள் வாரியம் ஒரு பேசும் கணினியைக் கொடுத்தது. ஒற்றை விரலால் எழுத்துகளைத் தட்டினால், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது போன்ற ஒரு பெண் குரலில் அது படித்துக் காட்டும். அந்தக் குரலுக்குக் கோபமும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. 'இந்தச் சட்டையை நேத்தும் போட்டிருந்தீங்க' என்பதையும், 'மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வருகிறது' என்பதையும் ஒரே மாதிரி சொல்லும். ஆரம்பத்தில் பேக்கரிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. போகப்போக, தன் மனைவியின் குத்தல் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான குரல் உலகத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு நாள் வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். கணினியை மேம்படுத்த வந்திருப்பதாகச் சொன்னார். மேம்படுத்தினார். திரை கறுத்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி நின்றது: 'தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.'

"என்ன சார் இது?"

"இதுதான் புதுசு," என்றார் வந்தவர். பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும்தான் கேட்டது. பேக்கரிக்காரர் விடியற்காலையில் அடுப்பின் முன் நின்று கடவுளைக் கும்பிட்டுவிட்டு மாவு பிசைந்தார். வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினார். அவளுக்கு ஊட்டினார். இரண்டாவது கரண்டியில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் அவள் வாயைத் துடைத்துவிட்டு, மீதியைத் தானே குடித்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைப்பார். சூடான தட்டை வெறுங்கையால் எடுத்து எடுத்து விரல் நுனி மரத்துப்போயிருந்தது போல, உள்ளேயும் ஏதோ ஒன்று மரத்துப்போயிருந்தது. நெருப்பு தெரியாது. குளிரும் தெரியாது.

கால் தானாக ஒரு நாள் வாரியத்துக்கு நடந்தது. கையில் ஒரு காகிதப்பை நிறைய ரஸ்க். எங்கே போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவர் மனைவியின் சட்டம். அவளால் பேச முடியவில்லை என்பதற்காக அதை மீற அவர் துணியவில்லை.

திறந்த மென்பொருள் வாரியம் பிறந்த கதை நல்ல கதைதான். எங்கெங்கோ இருந்த நல்ல மனிதர்கள் சேர்ந்து, கணினியை இயக்கும் ஒரு மென்பொருளை எழுதினார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே விட்டுவிட்டார்கள். தெருவில் எல்லாருக்குமாகக் கிணறு வெட்டி வைப்பது போல. அப்புறம், இந்தக் கிணற்றிலிருந்து ஜனங்கள் முறையாகத் தண்ணீர் எடுக்கிறார்களா என்று பார்க்க ஓர் அலுவலகம் வந்தது. அலுவலகத்துக்கு மாடி வந்தது. மாடிக்கு லிஃப்ட் வந்தது. வாளியை மட்டும் பூட்டி வைத்துவிட்டார்கள்.

வாசலில் கண்ணாடிக் கதவு மூடியிருந்தது.

"எப்பவும் திறந்தே இருக்கணும்னுதான் விதி, பெரியவரே," என்றார் காவலாளி. "ஏசி குளிர் வெளியே போயிடுதுன்னு மூடி வச்சிருக்கோம். திறந்திருக்குன்னே நினைச்சுக்கிட்டு தட்டுங்க."

பேக்கரிக்காரர் அவருக்கு ஒரு ரஸ்க்கைக் கொடுத்துவிட்டுத் தட்டினார்.

விநியோகப் பிரிவில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கையுறை போட்ட அதிகாரி, நீல வெல்வெட் பெட்டி ஒன்றைத் திறந்தார். நகை மாதிரி ஒரு பென்டிரைவ் அதில் படுத்திருந்தது. பக்கத்தில் தங்க எழுத்துச் சான்றிதழ்: 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்ட உண்மை நகல்.'

"வலது கையைப் பெட்டி மேல வைங்க. 'சுதந்திரமாகப் பயன்படுத்துவேன், கட்டுப்பட்டு நடப்பேன்'னு சொல்லுங்க."

சொன்னார். கைதட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

"இதைச் செருகணும். கம்ப்யூட்டரை ஆன் பண்ணணும். அவ்வளவுதான். குழந்தைகூட பண்ணும்," என்றார் அதிகாரி. அவர் பண்ணிப் பார்த்ததில்லை என்பது அப்போது பேக்கரிக்காரருக்குத் தெரியாது.

வீட்டில் செருகினார். ஆன் பண்ணினார். 'தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.' எடுத்து ஊதிவிட்டுச் செருகினார். திருப்பிச் செருகப் பார்த்தார், போகவில்லை. பக்கத்து ஓட்டையில் செருகினார். மனைவியின் கண்கள் திரையைப் பார்த்தன, பிறகு அவரைப் பார்த்தன. பழைய நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்குப் பின்னால் குறைந்தது ஐந்து நிமிடப் பேச்சு இருந்திருக்கும். அவர் கஞ்சி காய்ச்சப் போனார்.

மறுநாள் குறைதீர்ப்புப் பிரிவு.

"வேலை செய்யலை சார்."

அதிகாரி பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். "மெதுவா பேசுங்க. அந்த வார்த்தை இங்க கிடையாது. 'தொடக்கத்தை நோக்கிப் பயணிக்கிறது'ன்னு சொல்லுங்க."

"பயணிச்சுக்கிட்டே இருக்கு சார். வந்து சேரலை."

"இது ஒப்பிட்டுச் சரிபார்த்த நகல். அதனால தப்பு பென்டிரைவ்ல இருக்க முடியாது. கம்ப்யூட்டர் யார் குடுத்தது?"

"வாரியம்தான் குடுத்தது."

"அப்ப அதுலயும் இருக்க முடியாது."

"பின்ன எங்க சார் இருக்கு?"

"அதைத்தான் நீங்க மன்றத்துல கேக்கணும்," என்றார் அதிகாரி, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவராக.

மன்றம் என்பது கூடத்து மூலையில் இருந்த ஒரு கணினி. அதில் கேள்வியை எழுதினால், மென்பொருள் அறிந்த பெருமக்கள் எங்கிருந்தாவது பதில் போடுவார்கள். பேக்கரிக்காரர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். 'என் மனைவி பேச வேண்டும். பென்டிரைவைச் செருகினேன். எதுவும் தொடங்கவில்லை.' இதை முடிப்பதற்குள் அவருக்குக் கழுத்து வலித்தது. 'இந்தச் சட்டையை நேத்தும் போட்டிருந்தீங்க' என்று சொல்ல அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். சட்டையைக் குனிந்து பார்த்தார். அதே சட்டைதான்.

பதில்கள் வந்தன. கேள்விக்குத் தலைப்பு முறையாக இல்லை என்றார் ஒருவர். மனைவி இந்த மன்றத்தின் வரம்புக்குள் வரமாட்டார் என்றார் இன்னொருவர். இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி, தேடிப் பார்க்கும் பழக்கமே ஜனங்களுக்கு இல்லை என்று மூன்றாமவர் சலித்துக்கொண்டு, ஒரு சுட்டியைக் கொடுத்தார். அதைத் தொட்டால் வேறு யாரோ ஒரு பாவப்பட்டவரின் கேள்வி வந்தது. அதன் கீழும் 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று ஒரு சுட்டி. அதைத் தொட்டால் பேக்கரிக்காரரின் கேள்வியே திரும்ப வந்து நின்றது. இதற்குள் இரண்டு பெருமக்களுக்கு இடையில், திரையின் பின்னணி கறுப்பாக இருக்க வேண்டுமா வெள்ளையாக இருக்க வேண்டுமா என்று பெரிய சண்டை மூண்டது. சண்டை முடிந்ததும் கேள்வியின் மேல் பச்சை நிறத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று விழுந்தது.

தீர்க்கப்பட்டவர்களைத் தலைவர் நேரில் பார்த்து வாழ்த்துவது வழக்கம். பேக்கரிக்காரரை மாடிக்கு அழைத்துப் போனார்கள்.

தலைவர் நல்ல மனிதர். எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். எழுந்து போகச் சொல்ல மட்டும் மறந்துவிடுவார். அவர் மேசையில் விலை உயர்ந்த ஏதோ கம்பெனியின் கணினி ஒன்று, சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சுதந்திரம்னா என்னன்னு நினைக்கிறீங்க?" என்றார் தலைவர். "ஒரு கம்பெனிக்காரன்கிட்ட காசு குடுத்து வாங்கறீங்க. கெட்டுப்போனா அவனைப் போய் கேக்கறீங்க. அவன் வாசல்ல நிக்கறீங்க. அது அடிமைத்தனம். இங்க கெட்டுப்போனா நீங்க யாரையும் போய் கேக்கவே முடியாது. அதுதான் விடுதலை!"

"சரிங்க சார்."

"எல்லாருக்கும் எல்லாமே திறந்திருக்கணும். அதுக்காகத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். நான் இல்லாட்டி யாரு வேணும்னாலும் திறந்துடுவாங்க."

"சார், வீட்டம்மா பேசி ரொம்ப நாளாச்சு..."

"வாரியம் தொடங்கினதுல இருந்து எத்தனையோ பேருக்குப் பென்டிரைவ் குடுத்திருக்கோம். ஒருத்தர்கூட திரும்பி வந்து குறை சொன்னதில்லை."

"நான் வந்திருக்கேனே சார்."

தலைவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் திரையைப் பார்த்தார். "ஐயா வந்தது குறைன்னு பதிவாகலை சார். வருகைன்னு பதிவாகியிருக்கு."

"பாத்தீங்களா?" என்றார் தலைவர், உண்மையாகவே மகிழ்ந்து. "இருந்தாலும் உங்க மனத்திருப்திக்கு, இன்னொரு தடவை நகலைச் சரிபார்த்துக் குடுக்கச் சொல்றேன். கீழ நகல் பிரிவுக்குப் போங்க."

நகல் பிரிவு தரைக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு கணினி, அதன் முன்னால் நடுத்தர வயதுப் பெண் ஒருவர். பெட்டியைத் திறந்து பென்டிரைவை எடுத்துச் செருகினார். மூலத்தின் பெயரைப் பார்த்தார், நகலின் பெயரைப் பார்த்தார். மூலத்தின் அளவைப் பார்த்தார், நகலின் அளவைப் பார்த்தார். 'சரி' என்று முத்திரை குத்தினார்.

"சரியா இருக்குங்க ஐயா," என்றார். சொல்லும்போது பேக்கரிக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

பேக்கரிக்காரர் எழுந்திருக்கவில்லை. போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் அடுத்த பென்டிரைவைச் செருகினார். அதில் ஏகப்பட்ட கோப்புறைகள் வரிசையாக விரிந்தன. 'மூலத்துடன் பொருந்தவில்லை' என்று குத்தி, மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார். அடுத்தது, அதுவும் கூடைக்கு. கூடை நிறைந்திருந்தது.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். வேறொன்றும் கேட்கத் தோன்றாததால்தான் கேட்டார். ரஸ்க் பையை நீட்டினார்.

முத்திரை அந்தரத்தில் நின்றது. அந்த அறையில் இதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். அந்தப் பெண் ஒரு ரஸ்க்கை எடுத்து, ஆறிப்போயிருந்த டீயில் தோய்த்துச் சாப்பிட்டார்.

"கம்ப்யூட்டர் யாருக்குங்க ஐயா?"

"வீட்டம்மாவுக்கு. அது வழியாத்தான் பேசுவா."

"நல்லா பேசுவாங்களா?"

"எனக்கு ஒரு வார்த்தை பேச எடம் கிடைக்காதும்மா. அவ கடை வாசல்ல நின்னா தெருக்கோடி வரைக்கும்..." ரஸ்க் பையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார்.

அந்தப் பெண் இன்னொரு ரஸ்க்கை எடுத்தார். தோய்க்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, மெதுவான குரலில் சொன்னார்: "ஐயா, நீங்க வச்சிருக்கிறதுல பொட்டலத்தைக் கட்டினது கட்டினபடியே போட்டிருக்கு. அப்படி இருந்தா மிஷின் அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. பொட்டலத்தைப் பிரிச்சு, மிஷினுக்குப் புரியற மாதிரி எழுதணும். மேல ஒரு தம்பி இருக்காரு, தினமும் அப்படித்தான் ஒழுங்கா எழுதி அனுப்பறாரு. ஆனா பிரிச்சு எழுதினா அது மூலம் மாதிரி இருக்காது பாருங்க. மூலமும் நகலும் ஒரே மாதிரி இருந்தாத்தான் முத்திரை குத்தணும்னு விதி."

பேக்கரிக்காரர் யோசித்தார். மாவு மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே அடுப்புக்குள் தள்ளிவிட்டு, ரொட்டி வந்ததா என்று எட்டிப் பார்க்கிற காட்சி அவர் மனத்தில் வந்தது.

"அப்ப வேலை செய்யறதெல்லாம்..."

"கூடையில."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன். வருகைன்னு பதிவாச்சு."

மேலே லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டது. கடவுள் பெரிய கதவுகள் வழியாக வருவதை நாம் பார்த்ததில்லை. யாருக்கோ மனம் இளகும் ஒரு சின்ன இடுக்கு வழியாகத்தான் அவர் நுழைகிறார்.

"இந்தக் கூடை ரொம்ப வழியில நிக்குதுங்க ஐயா," என்றார் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குக் குனிய முடியலை. கொஞ்சம் நகர்த்தி வச்சுட்டுப் போங்க. குப்பையை வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லை."

அவர் குனிந்து கூடையை நகர்த்தினார். நிமிர்ந்தபோது சட்டைப்பையில் ஒன்று கனத்தது. அந்தப் பெண் ரஸ்க் பையை இழுத்து அதன் மேல் பேனாவால் எழுதினார்: 'செருகிட்டு ஆன் பண்ணின உடனே எஃப் 12. தாமதிக்கக் கூடாது.'

"கீபோர்டுல மேல் வரிசையில இருக்கிற அந்தக் கீயை அமுக்கினாத்தான் பென்டிரைவ்லேருந்து தொடங்கட்டுமான்னு கேக்கும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அமுக்கணும்."

கண்ணை மூடித் திறப்பதற்குள் எதையும் செய்கிற வயதைப் பேக்கரிக்காரர் தாண்டியிருந்தார். வீட்டில் ஆன் பண்ணிவிட்டு, எஃப் 12 எங்கே என்று தேடினார். அதற்குள் அந்த வெள்ளை வரி வந்துவிட்டது. மறுபடி ஆன் பண்ணினார். கண்டுபிடித்து அமுக்கினார், மாவு பிசைந்த விரல் மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கியது. மறுபடி. மறுபடி. 'தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.' அவர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோபம்கூட வரவில்லை.

டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

மனைவியின் ஆள்காட்டி விரல் நாற்காலிக் கைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தது. கண்கள் அவரைப் பார்த்தன, கணினியைப் பார்த்தன, மறுபடி அவரைப் பார்த்தன. கடைசிப் பார்வையில், 'உங்களைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு' என்பது தெளிவாகவே எழுதியிருந்தது.

அவர் கணினியை அவள் மடியில் வைத்தார். விரலை எடுத்து எஃப் 12 மேல் வைத்தார். "தயாரா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

அவள் அமுக்கினாள். பன் அமுக்கிய வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் பென்டிரைவ் இருந்தது. மறுபடி அமுக்கினாள். நீலமாக ஒரு கோடு தோன்றி, நத்தை போல் நகரத் தொடங்கியது. பேக்கரிக்காரர் அடுப்பில் ரொட்டி உப்புவதைப் பார்ப்பது போல, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிட்டாரா என்று கேட்டால், உதடு மட்டும் அசைந்தது.

கோடு முடிந்தது. கணினி அணைந்து எழுந்தது. அவள் விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. ரயில் நிலையக் குரல் தொண்டையைக் கனைக்காமல் சொன்னது:

"உப்பு."

"என்னம்மா?"

"கஞ்சில உப்பு இல்ல. ஒரு நாள்கூட இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விரல் வெகுநேரம் நகர்ந்தது. "நீங்களும் அதைத்தானே குடிச்சீங்க. தெரியலையா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "தெரியலை," என்றார்.

அந்த இரவு ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டார்கள். அவள் நிறையப் பேசினாள். கண்ணை ஒரு தடவைகூட மூடவில்லை.

காலையில் அவர் கஞ்சியை அடுப்பில் ஏற்றியபோது வாசலில் கார்கள் வந்து நின்றன. மேம்பாட்டுக்குப் பிறகு முதன்முறையாக ஒரு கணினி எங்கோ தொடங்கிவிட்டது என்று வாரியத்தின் திரையில் தெரிந்திருக்கிறது. முதலில் ஏதோ கோளாறு என்று பயந்தார்களாம். பிறகு சாதனை என்று தெரிந்துகொண்டார்களாம். தலைவர் மாலையோடு வந்தார். பின்னால் படம் பிடிப்பவர். அவருக்கும் பின்னால், வெல்வெட் பெட்டியைத் தட்டில் ஏந்திக்கொண்டு, நகல் பிரிவுப் பெண்.

"ஒப்பிட்டுச் சரிபார்த்த நகலோட மகிமை!" என்றார் தலைவர். "சொல்லுங்க ஐயா, கேமராவைப் பாத்து சொல்லுங்க. எந்தப் பென்டிரைவ்ல தொடங்கினீங்க?"

பேக்கரிக்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது சிவந்தது. "அது வந்து சார்..." என்றார். நகல் பிரிவுப் பெண் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மனைவியின் விரல் வேகவேகமாக நகர்ந்தது.

"ரஸ்க் எடுத்துக்கோங்க," என்றது குரல்.

தலைவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். அது பேக்கரிக்காரரின் மொறுமொறு ரஸ்க். தலைவர் மென்றுகொண்டே, "எந்தப் பென்..." என்றார்.

"இன்னொண்ணு எடுத்துக்கோங்க."

மறுக்க முடியவில்லை. வாய் நிறைந்துவிட்டது.

"தட்டு வச்சிருக்கிற அம்மாவுக்கும் குடுங்க. ரெண்டா குடுங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் விழுங்கி முடித்தபோது கேள்வி மறந்துபோயிருந்தது. உரை மட்டும் நினைவிருந்தது. ஆற்றினார். பயனாளி ரஸ்க் கொடுக்கும் அளவுக்கு மனம் குளிர்ந்திருப்பதை நாடே பார்க்கிறது என்றார். படம் எடுத்துக்கொண்டார்கள். கார்கள் கிளம்பின.

கடைசியாகப் படியிறங்கிய நகல் பிரிவுப் பெண் திரும்பி வந்து, பேக்கரிக்காரரிடம் சொன்னார்: "ஐயா, கூடை திரும்பவும் நிறைஞ்சிடுச்சு. நேரம் கிடைச்சா வந்து நகர்த்தி வச்சுட்டுப் போங்க."

"வர்றேம்மா. வந்து மொத்தமா அள்ளிட்டு வந்துடறேன். கேட்டு வர்றவங்களுக்கு ரொட்டியோட குடுத்தா ஆச்சு."

கதவைச் சாத்திவிட்டு அவர் உள்ளே வந்தார். மனைவி தட்டிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட நீளமான வாக்கியம். அவர் நின்று காத்திருந்தார்.

"இத்தனை நாள் என்னால பேச முடியல. இன்னைக்குத்தான் நானா வாயை மூடிக்கிட்டிருந்தேன். அந்த ஆளுக்குச் சொல்ல எவ்வளவு வச்சிருந்தேன் தெரியுமா?"

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

அடுக்களையில் கஞ்சி கொதித்திருந்தது. உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். நாக்கு சுருக்கென்றது. உப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யக் கையை நீட்டியவர், வேண்டாம் என்று விட்டுவிட்டார். கிண்ணத்தில் ஊற்றி, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காக எடுத்துக்கொண்டு போனார்.